ஓமந்தை வழியும் ஒரு நோயின் வரலாறும்

கண்டி – யாழ்ப்பாண நெடுஞ்சாலையில், வவுனியா நகருக்கு வடக்கே உள்ளது ஓமந்தை. குளத்தையும் வயலையும் நம்பி வாழும் இவ்வூரின் பெயரை நாடறியச் செய்தது, 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் அங்கு இயங்கிய சோதனைச் சாவடியாகும். வன்னியிலிருந்து உயர்சிகிச்சை நாடித் தெற்கே சென்ற நோயாளர் தரைவழியே கடந்த வாயில் அதுவே. நோய்களின் வரலாற்றை ஆய்வுகூடத்தில் தொடங்கி ஆய்வுகூடத்திலேயே முடிப்பது மரபு. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வரலாற்றில் இத்தகைய சாலைகளுக்கும் இடமுண்டு என்பது எம் கருத்து.

இந்நோயின் காரணத்தை முதலிற் சுட்டியவர் ஜேர்மனிய அறுவை வைத்தியர் லூட்விக் ரேன். பிராங்பேட் நகரிற் சாயத் தொழிற்சாலையொன்றிற் பணிபுரிந்த 45 பேருள் மூவருக்குச் சிறுநீர்ப்பையிற் கட்டி தோன்றியதை அவர் 1895 ஆம் ஆண்டில் அறிவித்தார். சாய இரசாயனங்களுள் ஒன்றான பீற்றா நப்தைலமீன் நாய்களில் இந்நோயை விளைவிப்பதை 1938 இல் வில்லெம் ஹியூப்பர் நிறுவினார். பிரித்தானியத் தொழிலாளரிடையே கேஸ் என்பார் நடத்திய ஆய்வு 1954 இல் வெளிவந்தது. முதல் எச்சரிக்கைக்கும் இதற்குமிடையே கழிந்தவை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். அவ்வாண்டுகளுக்கு விலை கொடுத்தோர் தொழிலாளரே.

சாயத் தொழிற்சாலை இல்லாத வன்னிக்கு இவ்வரலாறு எவ்வாறு பொருந்தும் என்ற வினா எழலாம். விடை புகையிலையில் உள்ளது. தொழிற்சாலையில் இனங்காணப்பட்ட அதே நப்தைலமீன் புகையிலைப் புகையிலும் உண்டு. சுவாசப்பையூடாகக் குருதியிற் கலக்கும் நச்சுப்பொருள்களைச் சிறுநீரகம் வடித்தெடுக்க, அவை சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தங்கி அதன் உட்சுவரைத் தாக்குகின்றன. இந்நோயாளருள் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் நோய்க்குப் புகைத்தலே காரணமென மதிப்பிடப்படுகிறது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் வரை சென்றது. பின்னர் நம்மவரின் சுருட்டுக் கடைகள் தென்னிலங்கை நகரங்களெங்கும் பரவின. அவ்வணிகத்தின் பெருமையை எழுதிய நம் வரலாற்றாசிரியர்கள் அதன் மறுபக்கத்தை எழுதினாரல்லர். குடிநீரிற் கலந்த ஆசனிக்கும் ஒரு காரணமாகும். சிலி நாட்டின் அன்ரோபகஸ்ரா நகர மக்கள் 1958 முதல் 1970 வரை அருந்திய நீரின் விளைவு, பல பத்தாண்டுகள் கழித்தும் அங்கே மரணங்களாக வெளிப்பட்டது.

நோயின் முதற்குறி பெரும்பாலும் வலியின்றிச் சிறுநீரிற் குருதி தோன்றுதலாகும். அது ஓரிரு நாளில் தானாகவே மறைவதும் உண்டு. அபாயம் அங்கேதான் உள்ளது. வெயிலில் உழைக்கும் கமக்காரன் அதனை உடற்சூடு எனக் கொண்டு இளநீரோ மோரோ அருந்துகிறான்; நிறம் தெளிந்ததும் மறந்துவிடுகிறான். சிலர் அதனை இன்று வன்னியில் அனைவர் வாயிலும் வழங்கும் சிறுநீரக வருத்தத்தோடு சேர்த்துவிடுகின்றனர். அந்நீடித்த சிறுநீரக நோய் வேறு, இது வேறு. கடுப்பு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியனவும் குறிகளே. ஆயின் அவை கிருமித் தொற்றிலும் காணப்படுவதாற் குழப்பம் மிகுகிறது. குருதி ஒருமுறை தோன்றி மறைந்தாலும் வைத்தியரை நாடல் வேண்டும். பெண்களும் இதற்கு விலக்கல்லர்.

ஐயம் தீர்க்க வல்லது அகநோக்கிக் கருவி. பொஸினி 1806 இல் மெழுகுதிரி ஒளிகொண்டு உடலுள் நோக்க முயன்றார். மக்ஸ் நிற்ஸே 1877 இல், நீராற் குளிர்விக்கப்பட்ட பிளாற்றினக் கம்பியின் ஒளியிற் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் காட்டினார். சிறுநீரில் உதிரும் கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராயும் முறையைப் பப்பனிக்கொலோ 1945 இல் அறிமுகஞ் செய்தார். கலங்களின் ஆய்வும் மீயொலிப் படமும் வழிகாட்டுமேயன்றி, முடிவு சொல்வது உள்நோக்கி எடுத்த இழையத்தின் பரிசோதனையே.

இக்கருவியும் அதனைக் கையாளும் நிபுணரும் போர்க்கால வன்னியிற் கிடைத்தற்கரியர். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையோ 250 கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்தது. பாதை திறந்திருந்த காலத்தும் அனுமதியும் சோதனையும் காத்திருப்பும் பயணத்தோடு சேர்ந்தே வந்தன. 2009 பெப்ரவரியிலிருந்து வன்னி நோயாளர் கப்பல் மூலம் திருகோணமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். குண்டுக்காயமுற்றோர் நிறைந்திருந்த அந்நாள்களில் வலியில்லாத நோய்க்கு யார் முன்னுரிமை கேட்டிருப்பார்? தெல்லிப்பழையில் 2013 இற் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. யாழ்ப்பாணம் வரையான புகையிரதச் சேவை 2014 இல் மீண்டது. ஓமந்தைச் சோதனைச் சாவடி 2015 இல் அகற்றப்பட்டது.