முத்துச் சலாபம் – 9: சுறாவுக்குப் பூட்டு

1830இல் ஒரு சலாபம், அதாவது முத்துக்குளிப்பு. அடுத்தது 1860இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகள் தூத்துக்குடியின் பார்களில், அதாவது கடலடிச் சிப்பித் திட்டுகளில், முத்துக்குளிப்பே இல்லை. ஏன்? இந்த இதழில் வர வேண்டிய கதை அதுதான். ஆனால் அதற்குள் இறங்குமுன் ஓர் ஆளைப் பார்த்துவிட வேண்டும். அதிகாரி, ஏலக்காரர், பரதவரின் சாதித்தலைவர் என எல்லோரும் கரையில் தயாராக நின்றாலும், அவர் வராமல் குளியாட்கள் கல்லில் கால் வைக்க மாட்டார்கள்.

கடல்கட்டி என்று அவருக்குப் பெயர்.

குளியாளின் பிழைப்பை நினைத்தால் இந்தப் பிடிவாதம் புரியும். எட்டுப் பத்துப் பாகம் ஆழம். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து விர்ரென்று இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கைக்குச் சிக்கிய சிப்பிகளையெல்லாம் கூடையில் வாரிப் போட்டுக்கொண்டு, கயிற்றை ஆட்ட வேண்டும். மேலே இருப்பவர் இழுப்பார். அந்த ஒரு நிமிடத்தில் பக்கத்தில் நிழலாடுவது திருக்கையா, சுறாவா என்று பார்க்க யாருக்கு நேரம்? சுறாவை மந்திரத்தால் கட்டி, அந்தப் பயத்தைத்தான் கடல்கட்டி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவே இவரைக் குறித்து வைத்திருக்கிறார். அவர் காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் பிராமணர்கள். அரசருக்குப் பத்தில் ஒரு பங்கு, மீனைக் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். சுறாவுக்கு இரக்கப்பட்டு அல்ல. கட்டு அவிழ்ந்த கடலில் இரவில் திருட்டுத்தனமாக இறங்க எவனுக்குத் துணிச்சல் வரும்? காவலர், சம்பளம், தீப்பந்தம் எதுவும் தேவைப்படாத காவல். கெட்டிக்காரத்தனத்தில் பிற்காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் இதன் பக்கத்தில் வர முடியாது.

1807இல் வெளியான தன் இலங்கை நூலில் ஜேம்ஸ் கார்டினர் தரும் காட்சி இன்னும் விசேஷம். அங்கே கடல்கட்டிகள் இரண்டு பேர். ஒருவர் முன்னோடிப் படகில் போவார். மற்றவர் கரையிலேயே ஆடையின்றி ஓர் அறைக்குள் அடைபட்டிருப்பார். படகுகள் திரும்பும்வரை அவரை யாரும் பார்க்கக் கூடாது. எதிரே பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் ஆணும் பெண்ணுமாக இரண்டு வெள்ளி மீன்கள். கடலில் சுறா யாரையாவது தாக்கினால், ஒரு வெள்ளி மீன் மற்றதைக் கடிப்பது பாத்திரத்தில் தெரியும் என்பது நம்பிக்கை.

அரை நூற்றாண்டு கழித்து எமர்சன் டெனன்ட் எழுதும்போது, அந்தப் பரம்பரையின் தலைவர் ஒரு கத்தோலிக்கர்! சுறாவுக்கு மதபேதம் இல்லை போலும். டெனன்ட் இலங்கையின் முத்துக்குளிப்புக் கரையான அரிப்புக்குப் போன சமயம் பார்த்து அவருக்கு உடம்புக்கு முடியவில்லை. பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். தனக்கு மந்திரம் தெரியாது, ஆனாலும் பெரியவர் அனுப்பிய ஆள் என்பதால் சுறாக்கள் மரியாதை கொடுக்கும் என்று அந்தப் பதிலாள் டெனன்டிடமே சொல்லியிருக்கிறார். டெனன்டுக்கு இது வேடிக்கை. இலங்கையின் காலனியச் செயலரான அவரே, கடலுக்கு அப்பால் இருந்த ஒரு ராணியின் பெயரால் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தவர்தானே!

இனி நம் கரைக்கு வருவோம். தூத்துக்குடிக்கு வடக்கே சலாபத்துறையில் 1889இல் ஓலைக் கொட்டகைகள் எழுந்தன. தொள்ளாயிரம் பாரில் குளிப்பு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நேரில் வந்து பார்த்தார். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஒன்று, கரையில் நின்று எண்ணியவருக்கு இரண்டு. கொள்ளை என்பதைத் தவிர இதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

மறு ஆண்டு நல்ல காற்று, தெளிந்த தண்ணீர், போதிய படகுகள், சிப்பிக்கு நல்ல விலை. அப்போதுதான் ஒரு குளியாளைச் சுறா கடித்தது. முகாமே நடுங்கியது. குளியாட்கள் தங்கள் ஏற்பாட்டில் மந்திரம் அறிந்த ஒரு பெண்மணியை அமர்த்தினார்கள். பயம் அடங்கிப் படகுகள் போயின. பிறகு மறுபடியும் கடி. அந்தப் பெண்மணியின் கட்டு நிற்கவில்லை. லாபம் கொட்ட வேண்டிய நேரத்தில் சர்க்கார் சலாபத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

1830க்குப் பிறகு பார்கள் வெறிச்சோடிய கதை அப்படியே நிற்கிறது. பாம்பன் கால்வாயை ஆழப்படுத்தியதால் நீரோட்டம் மாறியது என்றார்கள் சிலர். மணல் மூடிவிட்டது என்றார்கள் வேறு சிலர். திருக்கையும் கிளாத்தியும் இளம் சிப்பியைத் தின்று தீர்த்தன என்ற கட்சியும் உண்டு. அந்த வழக்கு அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.