கதவுக்கு உள்ளே வந்த பூனை

சென்ற கார்த்திகை மழையில், எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் கிடந்த பூனைக்குட்டி ஒன்றை வீட்டுக்குள் எடுத்துவந்தோம். ஒரு பகல் முழுதும் காத்திருந்தும் தாய் திரும்பவில்லை. பாற்பற்களைப் பார்த்த கால்நடை மருத்துவர் ஏழு வாரம் இருக்கும் என்றார். துணியில் பொதிந்து உள்ளே கொண்டுவந்த பிறகுதான், இதை இனி வெளியே விடலாமா கூடாதா என்ற கேள்வி எழுந்தது. வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாயின. பூனை தன்னிச்சையாகத் திரியும் பிராணி, அதை அடைத்துவைப்பது பாவம் என்றது ஒரு கட்சி. முன்பிருந்த பூனையை அப்படித் திரியவிட்டுத்தானே ஓர் இரவு சாலையில் பறிகொடுத்தோம் என்றது மற்றொன்று.

இந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ளத்தான் நாங்கள் பூனையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம். படித்ததில் ஒரு செய்தி எங்களை நெடுநேரம் யோசிக்க வைத்தது. மனிதனும் பூனையும் அருகருகே வாழத் தொடங்கி ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் பூனை தன் வாழ்நாள் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே கழிக்கும் வழக்கம் பரவலாகி நூறு ஆண்டுகூட ஆகவில்லை. குட்டியை வளர்ப்போருக்கு இன்று சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்திலிருந்து பிறந்தவை.

*

மத்தியதரைக் கடலில் உள்ள சைப்ரஸ் தீவில், ஷில்லூரோகாம்போஸ் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பை அகழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், ஒரு மனிதப் புதைகுழிக்கு ஏறக்குறைய 40 செ.மீ. தள்ளிப் பூனை ஒன்றின் முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். இறந்தபோது அதற்கு வயது சுமார் எட்டு மாதம். காலம் இன்றைக்கு 9500 ஆண்டுகளுக்கு முன். ழான் தெனி வினி தலைமையிலான குழு 2004இல் இதை வெளியிட்டது. சைப்ரஸ் தீவில் இயற்கையாகப் பூனை இனம் இருந்ததில்லை. ஆகவே அதன் முன்னோரை யாரோ படகில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுசென்றிருக்க வேண்டும்.

வீட்டுப்பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனை. அது முழுமையாகப் பழகியது எங்கே, எப்போது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் உறவு தொடங்கிய விதம் பற்றிப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மனிதன் தானியத்தைச் சேர்த்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நாயைப் போல அதற்கு வேலை பழக்க வேண்டியிருக்கவில்லை, ஆட்டைப் போல மேய்த்துக் காக்க வேண்டியிருக்கவில்லை. உணவு, நீர், மலங்கழிக்க மணல், பதுங்க இடம், துணை ஆகிய எல்லாவற்றையும் பூனை தானே தேடிக்கொண்டது. மனிதன் விரட்டாமல் இருந்தால் அதுவே போதுமாயிருந்தது.

எகிப்தில் இந்த உறவு நெருங்கியது. கி.மு. 1400ஐ ஒட்டிய நக்த் என்பவரின் கல்லறை ஓவியத்தில், மனைவியின் நாற்காலிக்கு அடியில் அமர்ந்து ஒரு பூனை மீன் தின்கிறது. மூன்றாம் அமென்ஹோதேப்பின் மூத்த மகன் துத்மோஸ், தன் பூனைக்கென்று சுண்ணாம்புக் கல்லில் ஓர் ஈமப்பேழையே செய்வித்தான். வீட்டில் பூனை இறந்தால் எகிப்தியர் புருவத்தை மழித்துத் துக்கம் காத்தனர் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

இவற்றை வைத்து எகிப்தியரைப் பூனை வளர்ப்பின் முன்னோடிகளாகக் கொண்டாடுவது வழக்கம். அதே நாட்டில், பிந்தைய நூற்றாண்டுகளில், பாஸ்டெட் முதலிய தெய்வங்களுக்குக் காணிக்கையாக ஏராளமான பூனைகள் பதனிடப்பட்டன. அவற்றை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது பல ஓராண்டுகூட நிறையாத இளம்பூனைகள் என்பதும், கழுத்து முறிக்கப்பட்டு இறந்தவை என்பதும் தெரிந்தன. 1890இல் அத்தகைய பூனைப் பிணங்கள் சுமார் 19 டன் அளவுக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குக் கப்பலில் போய் உரமாக விற்கப்பட்டன. ஒரு பிராணியை வழிபடுவது வேறு, அதன் தேவையை அறிந்து பேணுவது வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் பூனை நகரவாசியாகிவிட்டது. குதிரை இறைச்சியைத் துண்டுகளாக்கித் தெருத்தெருவாகப் பூனைகளுக்கு விற்றுவந்த வியாபாரிகளைப் பற்றி ஹென்றி மேஹ்யூ 1851இல் விரிவாக எழுதியிருக்கிறார். 1871ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று, அந்நகரின் கிரிஸ்டல் பேலஸ் மண்டபத்தில் ஹாரிசன் வியர் என்னும் ஓவியர் பெரியதொரு பூனைக் கண்காட்சியை நடத்தினார். பூனை எலி பிடிக்கும் கருவி மட்டுமன்று, அழகும் குணமும் உள்ள துணை என்று மக்களை எண்ணவைப்பது அவர் நோக்கம். எண்ணம் மாறியது. ஆயினும் பூனை இரவில் வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. காரணம் எளிமையானது, கழிப்பறைச் சிக்கல். பாலைநில மூதாதையிடமிருந்து வந்த அதன் சிறுநீரகம் நீரைச் சிக்கனமாகச் செலவிடுவதால் சிறுநீரின் நாற்றம் கடுமையானது. ஒரு தட்டில் மணலோ அடுப்புச் சாம்பலோ வைத்தவர்கள் அந்த நாற்றத்தோடும், வீடெங்கும் பதிந்த கரிக்கால் தடங்களோடும் போராட வேண்டியிருந்தது.

தீர்வு தற்செயலாக வந்தது. 1947இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கசோபோலிஸ் என்னும் சிற்றூரில், எட்வர்ட் லோ என்ற இளைஞர் தொழிற்சாலைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் பொருள்களை விற்றுவந்தார். அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் தம் பூனைக்காகக் கொஞ்சம் மணல் கேட்டு வந்தார். லோ மணலுக்குப் பதிலாக உறிஞ்சும் தன்மையுள்ள களிமண் குருணையைக் கொடுத்தனுப்பினார். அந்தப் பெண்மணி மறுபடியும் அதையே கேட்டு வந்தார். லோ ஐந்து பவுண்டு பைகளில் அதை நிரப்பி, கையாலேயே பெயரெழுதி, 65 சென்ட் விலை வைத்தார். மணல் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் கேட்டதால், முதலில் சும்மா கொடுக்கச் சொன்னார். வாங்கிப்போனவர்கள் காசு கொடுத்து வாங்கத் திரும்பி வந்தார்கள்.

பூனை இரவும் பகலும் வீட்டுக்குள்ளேயே இருக்க வழிசெய்ததில் அந்தக் களிமண் பைக்குப் பெரும் பங்குண்டு. கதவை அடைப்பது அன்று முதல் சாத்தியமாயிற்று. அடைத்த பிறகு என்னென்ன கொடுக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

*

முதற்பாடம் உணவைப் பற்றியது. பூனை தன் உடலுக்கு வேண்டிய டாரின் என்னும் சத்தைத் தானே போதிய அளவில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும் உண்டு, தாவரங்களில் அநேகமாக இல்லை. பாலின் புரதமாகிய கேசினை முதன்மையாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைவதையும், அதற்கு டாரின் குறைவே காரணம் என்பதையும் கே.சி. ஹேய்ஸ் முதலானோர் 1975இல் காட்டினர். 1987இல், கலிபோர்னியாவில் பால் பியன் குழுவினர், கடையில் வாங்கிய பூனை உணவையே உண்டுவந்த பூனைகள் சிலவற்றின் இதயத்தசை தளர்வதற்கும் அதே குறைவு காரணம் என்று கண்டறிந்தனர். அதன் பிறகே தயாரிப்பாளர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள்.

இதைப் படித்தபோது எங்களுக்கு எங்கள் பாட்டி வீட்டுப் பூனைகள் நினைவுக்கு வந்தன. தயிர்ச்சாதமும் ஒரு கிண்ணம் பாலும்தான் அவற்றுக்கு வைக்கப்பட்டன. நன்றாகத்தானே வாழ்ந்தன என்று வீட்டின் ஒரு கட்சி வாதிட்டது. ஆனால் அந்தப் பூனைகளை வாழவைத்தது தயிர்ச்சாதம் அன்று. பரணிலும் கொல்லையிலும் அவை பிடித்த எலியும் பல்லியும் ஓணானுமே வாழவைத்தன. கொல்லைக் கதவு திறந்திருந்தவரை நம் அறியாமை பூனையைப் பாதிக்கவில்லை. கதவை அடைத்துவிட்டுத் தயிர்ச்சாதம் மட்டும் வைப்போமானால், அன்போடு அதைப் பட்டினி போடுகிறோம் என்றே பொருள். பசும்பாலும் அப்படித்தான். தாய்ப்பால் மறக்கும் பருவத்தில் பால் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குட்டிக்குக் குறைந்துவிடுகிறது. கிண்ணம் நிறைய வைக்கும் பால் வயிற்றுப்போக்கில் முடியும், சிறு குட்டியின் உயிருக்கு அது ஆபத்து. குட்டிக்கென்று செய்த உணவை நாளைக்கு நான்கு வேளை சிறிது சிறிதாகக் கொடுப்பதும், நல்ல தண்ணீர் எப்போதும் வைப்பதுமே முறை. சைவ உணவு உண்ணும் எங்கள் வீட்டில் இது எளிதில் ஏற்கப்பட்ட முடிவன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் பாடம் நோய். பூனைகளின் இரத்தப் புற்றுக்குக் காரணமான வைரஸை வில்லியம் ஜாரெட் 1964இல் கிளாஸ்கோவில் கண்டறிந்தார். நோய் எதிர்ப்பாற்றலை அழிக்கும் இன்னொரு வைரஸ் 1986இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. இரண்டும் பூனையிடமிருந்து பூனைக்குப் பரவுபவை. தெருப் பூனைகளோடு கலக்காத பூனைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட முடியாது, ஏனெனில் குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் பேன்லூகோபீனியா வைரஸ் நம் செருப்பிலேயே உள்ளே வந்துவிடும். எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறாம் வாரம் வரை, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, இடையே குடற்புழு மருந்து என்று எங்கள் நாட்காட்டி நிறைந்தது. நான்கு மாதத்திலேயே பெண் குட்டி சினைப்படக்கூடும் என்பதால், ஐந்தாம் மாதத்துக்குள் கருத்தடை அறுவைக்கும் நாள் குறித்தோம்.

*

கதவு பூனையை மட்டும் காப்பதில்லை. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் எழுந்தது. பணியாளர்களோடு பூனையும் வந்தது. அத்தீவில் மட்டுமே எஞ்சியிருந்த, பறக்க இயலாத சிறு பறவையினம் ஒன்று ஓரிரு ஆண்டுகளில் அற்றுப்போயிற்று. ஒரே ஒரு பூனை ஓர் இனத்தை முழுதாக அழித்தது என்று நெடுங்காலம் கதை சொல்லப்பட்டது. 2004இல் வெளியான ஆய்வு அதைத் திருத்தியது. தீவில் பெருகிய பல பூனைகளின் வேலை அது. கருத்தடை ஏன் என்ற கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கிறது. ஜெர்மனியின் வால்டோர்ஃப் நகரம், அருகிவரும் கொண்டை வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் பருவத்தில் பூனைகளை வீட்டுக்குள் வைக்க வேண்டும் என்று 2022இல் ஆணையிட்டது.

ஆயினும் அடைத்துவைப்பது பாவம் என்ற கட்சியை நாங்கள் முற்றாகத் தள்ளவில்லை. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வேட்டையாடப் பிறந்த உடலை நான்கு சுவருக்குள் சும்மா வைத்தால் அது கொழுக்கும், திரைச்சீலையைக் கிழிக்கும், அல்லது மூலையில் ஒடுங்கும். ஆகவே கோலில் கட்டிய இறகைத் துரத்தும் விளையாட்டு காலையும் மாலையும் நடக்கிறது. வெறுங்கையை விளையாட்டுப் பொருளாகக் காட்டுவதில்லை, கடிக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. அலமாரி உச்சி அதற்கென ஒழிக்கப்பட்டது. நியூயார்க்கில் உயர்மாடிகளிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987இல் வெளியான ஆய்வு, அவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன என்கிறது. பூனை எங்கிருந்து விழுந்தாலும் பிழைக்கும் என்பதற்குச் சான்றாக இதைக் காட்டுவார்கள். பறவையைக் கண்டால் பூனைக்கு உயரம் மறந்துபோகும் என்பதே நாங்கள் கற்றுக்கொண்டது. பால்கனிக்கு வலை அடித்தோம். பூச்சாடியில் லில்லி மலர் வைப்பதை விட்டோம், அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். ஒரு பாரசிட்டமால் மாத்திரையும் அதற்கு நஞ்சு என்பதால் மருந்துப் பெட்டிக்குப் பூட்டு வந்தது.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது காலத்தின் கணக்கு. பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதக் கை பட்டு வளரும் குட்டிகளே எளிதில் பழகும் என்று ஐலீன் கார்ஷ் 1980களில் காட்டினார். எங்கள் குட்டி வந்தபோது அந்தக் கதவு மூடிக்கொண்டிருந்தது. முதல் நான்கு நாள் ஒரே அறையில், கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. இழுத்து எடுக்காமல், தரையில் உட்கார்ந்து புத்தகம் படித்தோம். ஐந்தாம் நாள் அது வந்து பாதத்தை முகர்ந்தது.

தென்கலை வைணவம் சரணாகதிக்கு மார்ஜார நியாயத்தை உவமை சொல்லும். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியோ ஒன்றும் செய்யாது, தாய்தான் கவ்விக்கொண்டு போகும். அந்த உவமையை இதுவரை நாங்கள் குட்டியின் பக்கம் நின்றே கேட்டிருந்தோம். இப்போது தாயின் பக்கமிருந்து பார்க்கிறோம். வாயில் கவ்விய பிறகு இறக்கிவைக்கும் இடம் எது என்பது முழுக்கத் தாயின் பொறுப்பு. வெளியே இருந்தபோது தானே தேடிக்கொண்ட அனைத்தையும் நாங்கள் அடைத்த கதவுக்கு உள்ளே கேட்டு நிற்கிறது இந்தக் குட்டி. வீட்டின் இரண்டு கட்சிகளும் இப்போது மணல் தட்டை முறைவைத்துச் சுத்தம் செய்கின்றன.