ஜமாபந்தி

விருந்து வீட்டுப் பந்திக்கும் இதற்கும் உறவில்லை. ‘ஜமா’ அரபுச் சொல். திரட்டு, மொத்தம் என்று பொருள். ‘பந்தி’ பாரசீகம், கட்டுதல், வரையறுத்தல். ஓர் ஊர் செலுத்தவேண்டிய நிலவரியின் மொத்தத்தை முடிவுகட்டுவதே ஜமாபந்தி.

முகலாயர் ஆட்சியின் அரசுமொழி பாரசீகம். அதன் வருவாய்ச் சொற்கள் தெற்கேயும் பரவின. ஹைதர் அலி, திப்பு சுல்தான் கையிலிருந்த திண்டுக்கல் 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. ஆட்சி மாறியது, தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி மாறவில்லை.

இந்தத் திண்டுக்கல் சீமையில் வீட்டுக்குள் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது பேசுபவர்களும் உண்டு. பட்டா மாறுதல் மனு என்றால் தமிழ்தான். 1956ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை மாநில ஆட்சிமொழியாக்கியது. அரசு அறிவிப்புகளில் ஜமாபந்தியும் ‘வருவாய்த் தீர்வாயம்’ ஆயிற்று.

ஆனாலும் வேடசந்தூரிலோ நிலக்கோட்டையிலோ தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவர் வாயில் வருவது பழைய பெயரே.

கணக்கு ஆண்டும் பழையதுதான்: ஜூலை முதல் ஜூன் வரையிலான பசலி. அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டில் 590ஐக் கழித்தால் அதன் எண் கிடைக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி.