கட்டுப்பாட்டு வரைபடத்தின் வரலாறு

கட்டுப்பாட்டு வரைபடம் என்பது, உற்பத்தி நடந்துகொண்டிருக்கும்போதே அதன் தரத்தைக் கண்காணிக்க உதவும் புள்ளியியல் கருவி. நடுவில் சராசரிக் கோடு, அதற்கு மேலும் கீழும் ஒவ்வோர் எல்லைக் கோடு, நேர வரிசையில் குறிக்கப்படும் புள்ளிகள், பார்ப்பதற்கு இவ்வளவுதான். அமெரிக்க இயற்பியலாளர் வால்டர் ஷூவார்ட் (1891–1967) இதை 1924-இல் உருவாக்கினார். புள்ளியியல் தரக் கட்டுப்பாடு என்னும் துறை இதிலிருந்தே வளர்ந்தது.

ஹாதார்ன் ஆலை

சிகாகோ நகருக்கு அருகிலுள்ள சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை இயங்கியது. பெல் தொலைபேசி அமைப்புக்கு வேண்டிய கருவிகள் அங்கே தயாராயின. 1920-களில் ஏறத்தாழ 40,000 பேர் வேலை செய்த அந்த ஆலையில் சுமார் 5,000 பேர் ஆய்வுப் பிரிவில் மட்டும் இருந்தனர். செய்து முடித்த பொருளைச் சோதித்து, நல்லதை அனுப்பிவிட்டுப் பழுதானதை ஒதுக்குவது அவர்கள் வேலை. ஒதுக்கப்பட்ட பொருளுக்கான உலோகமும் உழைப்பும் அதற்குள் செலவாகிவிட்டன என்பதே இம்முறையின் அடிப்படைக் குறை. தொலைபேசி இணைப்புக் கருவிகள் சில மண்ணுக்கடியில் பதிக்கப்படுபவை. சோதனையில் தப்பிய ஒரு பழுதைச் சரிசெய்யத் தெருவைத் தோண்ட வேண்டும்.

1924 மே 16 அன்று ஷூவார்ட் தம் மேலதிகாரி ஜார்ஜ் எட்வர்ட்சுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ஒரே பக்கம், அதிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தை ஒரு வரைபடம் பிடித்துக்கொண்டது. அதுவே முதல் கட்டுப்பாட்டு வரைபடம். இக்கருத்துகளை விரிவாக விளக்கும் அவருடைய நூல் 1931-இல் வெளிவந்தது.

மாறுபாட்டின் இரு வகைகள்

ஒரே எந்திரம், ஒரே தொழிலாளி, ஒரே மூலப்பொருள் என்றாலும் இரண்டு திருகாணிகள் அச்சாக ஒரே அளவில் அமைவதில்லை. இந்த மாறுபாட்டை ஷூவார்ட் இரண்டாகப் பிரித்தார். எப்போதும் இருந்துகொண்டிருக்கும் எண்ணற்ற சிறு காரணங்களால் வருவது ஒன்று. இவை வாய்ப்புக் காரணங்கள். தேய்ந்துபோன வெட்டுளி, தவறாகப் பொருத்திய அச்சு, மட்டமான சரக்கு போன்று தேடினால் அகப்படும் காரணத்தால் வருவது மற்றொன்று. இவை கண்டறியத்தக்க காரணங்கள்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கே எல்லைக் கோடுகள். சிறிது நேரத்துக்கு ஒருமுறை நான்கு அல்லது ஐந்து பொருள்களை மாதிரியாக எடுத்து அளந்து, சராசரியையும் வீச்சையும் குறிப்பார்கள். எல்லைகள் சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத் தொலைவில் அமையும். இயல்நிலைப் பரவலில் 1,000 புள்ளிகளுக்குச் சுமார் 3 மட்டுமே தற்செயலாக இவற்றைத் தாண்டும். ஆனால் ஷூவார்ட் மூன்றைத் தேர்ந்ததற்கு இந்தக் கணக்கை விடச் சிக்கனமே முக்கியக் காரணம். இல்லாத பழுதைத் தேடி எந்திரத்தை நிறுத்தினாலும் நட்டம். இருக்கும் பழுதைக் கவனிக்காமல் விட்டாலும் நட்டம். நடைமுறையில் இரண்டு நட்டங்களையும் மட்டுப்படுத்தும் எல்லை இது என்று அவர் கண்டார்.

இங்கே மாணவர்கள் அடிக்கடி குழம்பும் ஒரு செய்தி உண்டு. வாடிக்கையாளர் ஏற்கும் அளவு வரம்பு வேறு, கட்டுப்பாட்டு எல்லை வேறு. முன்னது ஒப்பந்தத்தில் எழுதப்படுவது. பின்னது உற்பத்தி முறை தன் நடத்தையால் தானே காட்டிக்கொடுப்பது.

சிவப்பு மணிகள்

1925, 1926 ஆண்டுகளின் கோடைகாலத்தில் ஹாதார்ன் ஆலையில் வேலை செய்தவர் எட்வர்ட்ஸ் டெமிங். பின்னர் ஷூவார்ட்டின் கருத்துகளை உலகறியச் செய்தவரும் அவரே. ஒரு தொழிலாளியின் பிழைப்பை இவ்வரைபடம் எப்படித் தொடுகிறது என்பதை அவர் ஒரு விளையாட்டின் மூலம் விளக்குவார்.

ஒரு பெட்டியில் வெள்ளையும் சிவப்புமாக மணிகள் கலந்திருக்கும். ஐந்தில் ஒன்று சிவப்பு. ஆறு பேர் முறைவைத்து, 50 குழிகள் கொண்ட துடுப்பால் மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு மணி பழுதான சரக்காகக் கொள்ளப்படும். ஒருவருக்கு 4 சிவப்பு வரும், மற்றவருக்கு 15 வரும். மேலாளராக நடிக்கும் டெமிங் முன்னவரைப் பாராட்டுவார், பின்னவரைக் கடிந்துகொள்வார். இறுதியில் பாதிப்பேரை வேலையை விட்டு நீக்குவார். கணக்கிட்டுப் பார்த்தால் சராசரி 10. எல்லைகள் ஏறத்தாழ 1.5, 18.5. 4-உம் 15-உம் உள்ளேதான் இருக்கின்றன. பாராட்டுக்கும் தண்டனைக்கும் ஆதாரம் எதுவுமில்லை. சிவப்பைக் குறைக்க வேண்டுமானால் பெட்டியிலுள்ள கலவையை மாற்ற வேண்டும். அது அள்ளுபவரின் கையில் இல்லை, நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

போரும் ஜப்பானும்

இரண்டாம் உலகப் போரின்போது தளவாட உற்பத்திக்காக அமெரிக்காவில் இம்முறைக்குத் தரநிலைகள் வகுக்கப்பட்டன. பொறியாளர்கள் பலர் பயிற்சி பெற்றனர். போர் முடிந்ததும், செய்ததெல்லாம் விற்றுப்போன காலத்தில், பல ஆலைகள் இதைக் கைவிட்டன. ஜப்பானில் நடந்தது வேறு. அந்நாட்டு அறிவியலாளர், பொறியாளர் ஒன்றியத்தின் அழைப்பில் 1950-இல் டெமிங் அங்கு விரிவுரை ஆற்றினார். அவ்விரிவுரைகளின் அச்சுப் பதிப்பால் கிடைத்த உரிமைத்தொகையை அவர் ஒன்றியத்துக்கே விட்டுக்கொடுக்க, அதைக் கொண்டு 1951-இல் டெமிங் பரிசு நிறுவப்பட்டது. டெமிங்கின் பெயர் சொந்த நாட்டில் பரவலாகத் தெரியவந்தது 1980-இல், ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தின் வழியாக. அப்போது அவருக்கு வயது 79.

இந்தியாவில்

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிசின் அழைப்பை ஏற்று, ஷூவார்ட் 1947–48-இல் இந்தியா வந்து ஆலைகளைப் பார்வையிட்டார். ஜப்பானில் டெமிங் பேசுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நடந்தது இது. அந்நிறுவனம் பிறகு நாட்டின் தொழில் நகரங்களில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளைத் தொடங்கியது. எனினும் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் போட்டி குறைந்திருந்த நெடுங்காலம் ஆலைகளில் இதற்கு அவசரம் ஏற்படவில்லை. டெமிங் பரிசை வென்ற முதல் இந்திய நிறுவனம் சென்னை பாடியில் பிரேக் கருவிகள் தயாரித்த சுந்தரம் கிளேட்டன், ஆண்டு 1998. அதே குழுமத்தின் டிவிஎஸ் மோட்டார் 2002-இல் அப்பரிசைப் பெற்றது.