ஆர்மோனியம்: துருத்தி, நாக்கு, மரம்

ஆர்மோனியம் என்பது துருத்திக் காற்றால் உலோக நாக்குகளை அதிரவைத்து ஒலி எழுப்பும் கருவி. அக்கார்டியனும் கன்சர்டினாவும் இதன் உடன்பிறப்புகள். பிறந்தது ஐரோப்பாவில் என்றாலும், இன்று நாம் பார்க்கும் உருவத்தை இதற்குத் தந்தவர்கள் இந்தியக் கைவினைஞர்கள். தமிழ்நாட்டில் இது நாடக மேடையின் கருவியாகவே வளர்ந்தது. அந்த மேடையின் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிக்கு அருகேயுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இந்தக் கருவியைக் கடுமையாகச் சாடிய பாரதியும் அதே சீமையின் எட்டயபுரத்துக்காரர்தான்.

1829-இல் வியன்னாவில் சிரில் டெமியான் அக்கார்டியனுக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் லண்டனில் சார்லஸ் வீட்ஸ்டன் வாயால் ஊதும் சிம்போனியத்துக்குப் பெற்றார். அறுகோண வடிவக் கன்சர்டினா அதிலிருந்து வளர்ந்தது. 1840-களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் கால்மிதியால் இயங்கும் பெரிய பெட்டியைச் செய்து, அதற்கு ஆர்மோனியம் என்று பெயரிட்டார். மூன்றுக்கும் உயிர் ஒன்றே: நாக்கும் காற்றும். வேறுபட்டது கூடு மட்டும். கைக்குள் அடங்க வேண்டிய கன்சர்டினாவுக்கு மெல்லிய தோல் துருத்தியும், ஈட்டி மரத்திலோ கருங்காலியிலோ பூவேலையாக அறுத்தெடுத்த பக்கப் பலகைகளும் வாய்த்தன. தரையில் நிற்கும் ஆர்மோனியம் மேசை நாற்காலியைப் போல வீட்டுத் தட்டுமுட்டுச் சாமானாகவே செய்யப்பட்டது.

அப்படியொரு கனத்த பெட்டி இந்தியாவுக்கு வந்தபோது, தரையில் சப்பணமிட்டுப் பாடுகிறவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. 1875-இல் கல்கத்தாவில் கடை தொடங்கிய துவாரகாநாத் கோஷ், 1880-களில் கால்மிதியை எடுத்துவிட்டுத் துருத்தியைப் பெட்டியின் முதுகில் பொருத்தினார். ஒரு கை காற்றடிக்க, மறு கை வாசித்தது. ஒரே இழையாகப் போகும் நம் இசைக்கு ஒரு கை போதும் என்று கண்டுகொண்டதுதான் அவருடைய பெரிய சாதனை. 'துவார்கின்' என்ற அவருடைய கடையின் பெயர் நாடெங்கும் பரவியது.

தமிழ் நாடக மேடை இதற்கு எதிர்த்திசையில் போனது. கல்கத்தா கழற்றிப்போட்ட கால்மிதியை அது விடவில்லை. காரணம் எளிது. ஒவ்வொரு மேடைக்கும் நடிகர்களைத் தனித்தனியே அமர்த்தி நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரர் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, நடிகரின் பாட்டை விடாமல் பின்தொடர வேண்டும். பின்பாட்டும் பாட வேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை இது நடக்கும். மைக் இல்லாத காலத்தில் திறந்தவெளிக் கூட்டத்தின் கடைசி ஆள்வரை சுருதி எட்ட வேண்டுமானால் இரண்டு கைகளும் கட்டைகளின் மேல் இருந்தாக வேண்டும். காற்றடிக்கும் வேலை கால்களுக்குத்தான். தமிழ் மேடையின் பெட்டி உயரமாக நிற்பதற்கு இந்த உழைப்பே காரணம்.

1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டு 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' என அவர் எழுதிய நாடகங்களில் பாட்டுதான் கதையை நகர்த்தும். ஆர்மோனியம் இல்லாமல் அவை அரங்கேறுவதை நினைத்துப் பார்க்க முடியாது. 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். அவருக்குப் பிந்திய தலைமுறையில் பாடும் நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் எட்டாத உச்சக் குரலுக்குப் பக்கத்தில் ஆர்மோனியத்தோடு இருந்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர்.

பெட்டியைத் திறந்தால் தெரிவது தச்சு வேலை மட்டுமல்ல. ஒரு ரீடைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். விரல் அகலம்கூட இல்லாத பித்தளைத் தகடு; அதன் நடுவே நீளவாக்கில் ஒரு பிளவு; பிளவின் மேல் ஒரு முனை மட்டும் தறையப்பட்ட மெல்லிய நாக்கு. நாக்கு பிளவுக்குள் தாராளமாகப் போய்வர வேண்டும், ஆனால் விளிம்பில் உரசக் கூடாது. இடைவெளி கூடினால் காற்று வீணாகும், குறைந்தால் நாக்கு சிக்கிக்கொள்ளும். சுருதி சேர்க்கிறவர் நாக்கைச் சற்றே தூக்கி, மெல்லிய அரத்தால் சுரண்டுவார். நுனியில் சுரண்டினால் கனம் குறைந்து சுருதி ஏறும். தறைந்திருக்கும் அடிப்பக்கம் சுரண்டினால் விறைப்புக் குறைந்து இறங்கும். உலோகத்தை எடுக்கத்தான் முடியும், திரும்ப வைக்க முடியாது. ஆகவே நல்ல கைக்காரர்கள் இரண்டு தடவை தேய்ப்பதற்குள் நாலு தடவை காதைக் கொடுப்பார்கள்.

தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் இந்த உலோகத்துக்கும் மரத்துக்கும் சோதனை அதிகம். உப்புக் காற்றில் எஃகு துரு ஏறும். கன்சர்டினாவில் உயர்வாக மதிக்கப்படும் எஃகு நாக்குகளைவிட ஆர்மோனியத்தின் பித்தளை இங்கே பாதுகாப்பானது. பித்தளைக்கும் களிம்பு பிடிக்கும்தான், ஆனால் மெதுவாக. ஈரத்தில் மரம் பருத்தால் கட்டை அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும், கையெடுத்த பிறகும் சுரம் கேட்டுக்கொண்டே இருக்கும். நன்கு காய்ந்த தேக்கு மதிக்கப்படுவது இதனால்தான். அரக்கு பாலிஷ் அழகுக்கு மட்டும் பூசப்படுவதில்லை. ஈரம் மரத்துக்குள் இறங்குவதையும் அது தாமதப்படுத்துகிறது.

அலங்காரத்தில் ஒரு செய்தி இந்தக் கரைக்கே உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அக்கார்டியன்களில் கட்டைகளுக்கு முத்துச்சிப்பி ஓட்டைப் பதிப்பார்கள். 1961 வரை தூத்துக்குடியில் குளித்தெடுத்த மன்னார் வளைகுடாச் சிப்பி அதற்கு உதவாது. ஓடு சிறிது, மெல்லியது. பதிப்பு வேலைக்குத் தென்கடல்களின் பெரிய, தடித்த சிப்பிகளே வேண்டும்.

கர்நாடக இசை இதை முழுமனதோடு ஏற்கவில்லை. சுரங்கள் தனித்தனிக் கட்டைகளாக நிற்கும் கருவியில் சுரத்தை அசைத்து எடுக்கும் கமகத்துக்கு இடமில்லை. பாரதி தம் 'சங்கீத விஷயம்' கட்டுரையில் ஆர்மோனியம் நம் காதைக் கெடுக்கிறது என்று வருந்தினார். அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தடை செய்தது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. குறை சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் விடிய விடிய ஊருக்கே பாட்டுச் சொன்ன கருவியை அந்தக் குறையை மட்டும் வைத்து எடைபோட்டது நியாயமில்லை. பல்லடம் வெங்கடரமண ராவ் இதே பெட்டியில் கர்நாடகக் கச்சேரியே செய்து காட்டினார். பாடகர்கள் தங்கள் சுருதியை இரண்டு கட்டை, ஐந்து கட்டை என்று இன்றும் ஆர்மோனியத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள்.

இப்போது நாட்டின் ரீட் தேவையில் பெரும்பங்கைத் தருவது குஜராத்தின் பாலிதானா. அங்கே செய்த ரீடுகள் வெவ்வேறு ஊர்களின் மரப்பெட்டிகளுக்குள் போய்ச் சேர்கின்றன. பழைய ஜெர்மன், பாரிஸ் ரீடுகளுக்கு இன்னும் தனி மதிப்பு உண்டு. பெட்டி செல்லரித்துப் போனாலும் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, புதிய தேக்குப் பெட்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள்.