எலி முகமும் கறுப்புக் கட்டமும்

சாத்தம் மரமில் வளாகத்துக்குள் ஒரு பெரிய பள்ளம் உண்டு. 1883-இல் தொடங்கிய அந்த மில்மீது இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போட்ட குண்டு தோண்டிய பள்ளம். அந்த நாளைப் பற்றித் தங்கள் பெரியவர்கள் சொன்னதாக இங்குள்ளோர் சொல்லும் கதை ஆளுக்கு ஆள் மாறும். வாய்ச்சொல்லை எழுதுவதா, காகிதத்தில் உள்ளதை எழுதுவதா? வரலாறு எழுத உட்காருகிறவனுக்கு முதல் தலைவலி இதுதான்.

இந்தத் தலைவலிக்கு மருந்து கண்டவர்கள் இரண்டு படக்கதைக்காரர்கள் என்றால் சிரிப்பீர்கள். படக்கதைன்னா நமக்கு 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸ் தந்த இரும்புக்கை மாயாவிதானே! இவை வேறு இனம்.

அமெரிக்கர் ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த ‘மௌஸ்’ 1986, 1991 ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்தது. 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. யூதர்களுக்கு எலி முகம், ஜெர்மானியருக்குப் பூனை முகம். அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து பிழைத்த அப்பா சொல்கிறார். மகன் கேட்டு வரைகிறார். முகாம் வாசலில் கைதிகளின் வாத்தியக் குழு வாசித்ததற்கு ஆவணம் உண்டு. அப்பாவோ, நடந்துபோனது மட்டும்தான் ஞாபகம், வாத்தியம் ஏதும் இல்லை என்கிறார். மகன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கட்டத்தில் வாத்தியக்காரர்களை வரைந்தார். அடுத்த கட்டத்தில் நடந்துபோகும் கைதிகள் அவர்களை மறைத்துவிடுகிறார்கள். வாத்தியங்களின் நுனி மட்டும் எட்டிப்பார்க்கிறது. ஆவணமும் பொய்யாகவில்லை, அப்பாவும் பொய்யராகவில்லை. அம்மாவின் குறிப்பேடுகளை அப்பா எரித்துவிட்ட செய்தியையும், அதைக் கேட்டு மகன் கொதித்ததையும்கூட அவர் ஒளிக்கவில்லை.

ஈரானில் 1969-இல் பிறந்த மர்ஜான் சத்ரபிக்கு ‘மௌஸ்’தான் வழிகாட்டி. ஆனால் ‘பெர்சபோலிஸ்’ (பிரெஞ்சில் 2000 – 2003, நான்கு பாகங்கள்) ஆவணத்தோடு வாதாடுவதில்லை. ஒரு சிறுமியின் கண்ணுக்கு எட்டியதே உலகம். ஏவுகணை விழுந்து பக்கத்து வீடு நொறுங்குகிறது. இடிபாட்டில் தோழியின் கைக்காப்பு தெரிகிறது. அந்தப் பக்கத்தின் கடைசிக் கட்டம் முழுக்கக் கறுப்பு. மை தவிர ஒன்றுமில்லை.

எனக்குச் சத்ரபி படிக்க நெருக்கம். நம்பிக்கை ஸ்பீகல்மன் மீதுதான். ஈழத்தைச் சொல்லும் ‘வன்னி’ (2019) பலரின் வாக்குமூலங்களைச் சேர்த்து ஒரு கற்பனைக் குடும்பமாக்கியது. அது மூன்றாவது வழி.

நம் தீவுக் கதைக்கு எது பொருந்தும்? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழரில் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறினார்கள். 26.12.2004 அன்று கடல் அந்தத் தீவைப் புரட்டிப்போட்டது. கடல் புகுந்த வீட்டில் கடிதமேது, போட்டோவேது? எரிந்த குறிப்பேட்டின் கதைதான்.

அங்கிருந்து வரும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறேன். அலையைப் பற்றிக் கேட்டால், “வந்துச்சு, ஓடினோம் தம்பி” என்பார்கள். அதற்கு மேல் வார்த்தை வராது. அங்கே சத்ரபியின் கறுப்புக் கட்டத்தைத்தான் வைக்க முடியும். தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறிய கதையைத் தொட்டாலோ, விடிய விடியப் பேசுவார்கள். புருஷன் சொல்லும் வருஷம் ஒன்று, பெண்சாதி சொல்லும் வருஷம் வேறு. இரண்டையும் ஒரே பக்கத்தில் வரைய வேண்டியதுதான்.