இந்திய–அமெரிக்க சூரிய மின்கலப் பிணக்கு

வேளாங்கண்ணியில் ஒருவர் தம் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடுகளைப் பொருத்தினால், பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின்கீழ் (2024) ஒன்றிய அரசு ₹78,000 மானியம் தருகிறது. ஆனால் தகடும், அதனுள் உள்ள மின்கலங்களும் (செல்கள்) இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். விலை குறைந்த சீனத் தகட்டுக்கு மானியம் கிடையாது. இதே வகை நிபந்தனை ஒன்றுக்காக இந்தியா உலக வணிக அமைப்பில் வழக்காடித் தோற்றிருக்கிறது.

2010 ஜனவரியில் ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கப்பட்டது. 2022க்குள் 20,000 மெகாவாட் என்பது அதன் இலக்கு. நிலையங்கள் தரும் மின்சாரத்தை அரசு நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கும். நிலையம் அமைப்போர் உள்நாட்டுத் தகடுகளைப் பயன்படுத்த வேண்டும். முதல் கட்டத்தில் இந்நிபந்தனை படிகச் சிலிக்கான் வகைக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. மெல்லிய படல வகைக்கு விலக்கு இருந்தது. அந்த விலக்கின் வழியே அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் போன்ற நிறுவனங்களின் தகடுகள், அமெரிக்க ஏற்றுமதி–இறக்குமதி வங்கியின் கடனுதவியுடன் வந்து குவிந்தன. உள்நாட்டுத் தொழிலைக் காக்க வந்த விதி, முதலில் வெளிநாட்டுத் தொழிலுக்கே கைகொடுத்தது. இரண்டாம் கட்டத்தில் ஒதுக்கப்பட்ட 750 மெகாவாட்டில் பாதிக்கு, மெல்லிய படலத்தையும் சேர்த்து நிபந்தனை விதிக்கப்பட்டது.

2013 பிப்ரவரியில் அமெரிக்கா முறையிட்டது. இது அரசுக் கொள்முதல், எனவே விதிவிலக்கு உண்டு என்று இந்தியா வாதிட்டது. 2016 செப்டம்பரில் மேல்முறையீட்டு அமைப்பு அதை ஏற்கவில்லை: அரசு வாங்கியது மின்சாரம், பாகுபாடு காட்டப்பட்டதோ மின்கலத்தின்மீது, இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியிடும் பொருள்கள் அல்ல. உள்நாட்டில் மின்கல உற்பத்தி போதாது என்ற வாதமும் எடுபடவில்லை. உலகச் சந்தையில் கிடைக்கும் பொருளைத் தட்டுப்பாடான பொருள் என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பு.

அதே மாதம் இந்தியா எதிர்வழக்கு தொடுத்தது. கலிபோர்னியா, வாஷிங்டன், மிச்சிகன் உள்ளிட்ட எட்டு அமெரிக்க மாநிலங்கள் உள்ளூர்ப் பொருளுக்குச் சலுகை தந்துவந்தன. பிறர் செய்தால் பாகுபாடு, தான் செய்தால் ஊக்குவிப்பு என்ற அமெரிக்க நிலைப்பாடு இதில் வெளிப்பட்டது. 2019 ஜூனில் தீர்ப்பு இந்தியாவுக்குச் சாதகமாக வந்தது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமைப்பே போதிய உறுப்பினர்கள் இன்றி முடங்கியது. 2023 ஜூனில் இரு நாடுகளும் பேசி இவ்விரு வழக்குகளையும் முடித்துக்கொண்டன.

இதற்கிடையே போட்டியின் முகம் மாறியிருந்தது. சூரியத் தகட்டு உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் உலகின் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கைக்குள் வந்துவிட்டது. 2018இல் 25 சதவீதப் பாதுகாப்பு வரி விதித்த இந்தியா, 2022 ஏப்ரல் முதல் தகடுகளுக்கு 40, மின்கலங்களுக்கு 25 சதவீதம் எனச் சுங்க வரி விதித்தது. உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைக்கு முதலில் ₹4,500 கோடியும், பின்னர் ₹19,500 கோடியும் ஒதுக்கப்பட்டன.

2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே பிள்ளைப்பாக்கத்தில் 3.3 கிகாவாட் தகட்டு ஆலை திறக்கப்பட்டது. உரிமையாளர் அதே ஃபர்ஸ்ட் சோலார். அமெரிக்க அரசு நிதி நிறுவனத்தின் 50 கோடி டாலர் கடனும், இந்திய ஊக்கத்தொகைக்கான தேர்வும் அதற்குக் கிடைத்தன. திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டானில் டாட்டா பவர் குழுமம் சிலிக்கான் மின்கலங்களையும் தகடுகளையும் செய்கிறது. ஃபர்ஸ்ட் சோலாரின் மெல்லிய படலத்துக்குச் சிலிக்கான் தேவையில்லை. இந்தியாவின் சிலிக்கான் மின்கல ஆலைகளுக்கு வேண்டிய வில்லைகளோ இன்னும் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வருகின்றன. வேளாங்கண்ணி மாடித் தகட்டுக்கான மானிய நிபந்தனை அந்த வில்லை வரை எட்டவில்லை.